'டெரிப்ளி' என்று எழுதினால் பாராட்டா, புகாரா?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது, இங்கிலாந்துப் பையர் ஒருவரின் மின்னஞ்சல்களில் 'டெரிப்ளி' என்ற சொல் அடிக்கடி வருகிறது, அகராதியில் 'பயங்கரமாக' என்று போட்டிருக்கிறது, அந்தப் பொருளை வைத்துப் படித்தால் எதுவும் ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டிருப்பது சொற்பொருள்தான். ஆனால் நீங்கள் எடுத்துக் கொடுத்திருக்கும் நான்கு வரிகளையும் படித்தபோது, உங்களுக்குத் தெரியவேண்டியது வேறு என்று பட்டது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அந்த மனிதர் எந்த இடத்தில் பாராட்டுகிறார், எந்த இடத்தில் குறை சொல்கிறார் என்பதை எப்படிப் பிரித்தறிவது என்பதே உங்கள் கேள்வி.

சாம்பிளை இரண்டு நாள் முன்னதாக அனுப்பியதற்கு 'இட்ஸ் டெரிப்ளி கைண்ட் ஆஃப் யூ' என்கிறார். சைஸ் லேபிள் விவரத்தைத் தாமே மாற்றி அனுப்பிவிட்டதற்கு 'ஐ ஆம் டெரிப்ளி சாரி' என்கிறார். அடுத்த சாம்பிளைப் பார்த்துவிட்டு 'த ஸ்டிச்சிங் ஆன் த காலர் இஸ்ன்ட் டெரிப்ளி நீட்' என்கிறார். கடைசியாக, 'டூ ஆஃப் த கார்ட்டன்ஸ் வேர் டெரிப்ளி பேக்ட்' என்கிறார். மூன்றாவது வரியைக் 'காலர்த் தையல் பயங்கரமாக இல்லை', ஆகவே நன்றாகத்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு 'தேங்க் யூ' என்று பதில் போட்டுவிட்டதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான். அந்த வரி பாராட்டு அன்று, புகார். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதும், பிறர் செய்த மொழிபெயர்ப்பைச் செப்பனிடுவதுமே என் தொழில். இந்தச் சொல்லில் நானும் வழுக்கியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு கதையில் ஒரு பெண் தன் மாமாவின்மேல் 'டெரிப்ளி ஃபாண்ட்' என்று வந்த இடத்தை, 'மாமாவிடம் அவளுக்குப் பயங்கரமான பிரியம்' என்று எழுதிக் கொடுத்தேன். பதிப்பாசிரியர் சிவப்புப் பென்சிலால் 'பயங்கரமான' என்பதைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் 'பிரியம் கடிக்குமா?' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். 'கொள்ளைப் பிரியம்' என்று திருத்தினேன். அவர் போட்ட அந்தக் 'கடி'யில் வேடிக்கையான ஒரு பொருத்தம் உண்டு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். 'டெரிபிள்' என்ற பெயரடை, அச்சுறுத்துதல் என்று பொருள்படும் 'டெர்ரேரே' என்ற லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'டெரர்' என்பதற்கும் அதே வேர்தான். வந்த காலத்தில் அதற்கு 'மோசமான' என்ற பொருள் இல்லை; எதிரே நிற்பவரை நடுங்கவைப்பது என்பதே பொருள். ரஷ்ய மன்னர் நான்காம் இவானை (1530–1584) ஆங்கிலேயர் 'இவான் த டெரிபிள்' என்றது இந்தப் பழைய பொருளில்தான். ரஷ்ய மொழியில் அவருக்கு வழங்கும் 'குரோஸ்னி' என்ற பட்டமும் அவரை மோசமானவர் என்று சொல்லவில்லை, நடுங்கவைப்பவர் என்றே சொல்கிறது. 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கில விவிலியத்தில், ஏசாயா நூலின் இரண்டாம் அதிகாரத்தில், பூமியை அதிரவைக்கக் கடவுள் எழும்பும் நாளைப் பற்றிச் சொல்லும்போது 'டு ஷேக் டெரிப்ளி தி எர்த்' என்று வருகிறது. அங்கே இந்தச் சொல் முழு அச்சத்தோடு நிற்கிறது. அது ஒரு வினையை ஒட்டி நிற்கிறது என்பதை மட்டும் இப்போதைக்கு மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்லது கெட்டது இரண்டுக்கும் பொதுவாக, வெறும் 'மிக' என்ற பொருளில் இது பரவலாகப் புழங்கியது 19-ஆம் நூற்றாண்டிலிருந்துதான். இப்படி மாறியதில் வியப்பு ஒன்றுமில்லை. அச்சம் என்பது உணர்ச்சியின் உச்சம். உச்சத்தைக் குறிக்கும் சொல்லை வேறு எதன் உச்சத்துக்கும் கடன் வாங்கலாம். கடன் வாங்கி வாங்கிப் புழங்கியபின் உணர்ச்சி போய் அளவு மட்டும் மிஞ்சும். மொழியியலார் இதைச் சொல்லின் பொருள் வெளுத்துப்போவது என்பார்கள். உங்கள் ஊர்ச் சாயப்பட்டறை வழக்கில் சொன்னால், சாயம் போய் நூல் மட்டும் நிற்கிறது. 'டெரிப்ளி'யைப் பொறுத்தவரை சாயம் போன இடமும் போகாத இடமும் ஒரே சொல்லில் அடுத்தடுத்து இருக்கின்றன. அதனால்தான் அகராதியில் ஒரே வரியில் பொருள் கொடுத்தால் அது பாதி நேரம் தவறாகிவிடுகிறது.

சாயம் முழுக்கப் போன இடம், பண்பைச் சொல்லும் ஒரு சொல்லுக்கு முன்னால் அது நிற்கும் இடம். 'டெரிப்ளி கைண்ட்', 'டெரிப்ளி சாரி', 'டெரிப்ளி இம்பார்ட்டன்ட்', 'டெரிப்ளி டிஃபிகல்ட்' ஆகிய எல்லாவற்றிலும் அதற்கு 'மிகவும்' என்பதற்கு மேல் பொருள் இல்லை. கைண்ட் நல்ல சொல், எனவே மொத்தமும் நல்லது. டிஃபிகல்ட் தொல்லை தரும் சொல், எனவே மொத்தமும் தொல்லை. 'டெரிப்ளி' இங்கே எந்தப் பக்கமும் சாய்வதில்லை, அடுத்து வரும் சொல்லைப் பெருக்கிக் காட்டுவதோடு சரி. ஆகவே உங்கள் முதல் வரியில் அவர் மனமார நன்றி சொல்கிறார்; இரண்டாவது வரியில் சற்று அழுத்தமாக மன்னிப்புக் கேட்கிறார். இரண்டிலும் பயப்பட எதுவும் இல்லை.

வினைக்குப் பின்னால் அது வந்து, பெருக்குவதற்கு வேறு சொல் கிடைக்காமல் தனியே நின்றால், பழைய கடுமை திரும்பிவிடுகிறது. ஒரு பாடகியைப் பற்றி 'ஷீ சாங் டெரிப்ளி வெல்' என்றால் அருமையாகப் பாடினார். 'ஷீ சாங் டெரிப்ளி' என்றால் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. இடையில் இருப்பது 'வெல்' என்ற ஒற்றைச் சொல். அது இருந்தால் 'டெரிப்ளி'க்குப் பெருக்க ஒன்று கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் தன் சொந்தப் பொருளோடு வினையின் மேல் விழுகிறது. வகுப்பில் இந்த இரண்டு வாக்கியங்களையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் போட்டால், அரை மணி நேர விளக்கத்தில் புரியாதது அரை நிமிடத்தில் புரிந்துவிடும்.

வினைகளுக்குள்ளும் ஒரு பிரிவு உண்டு. பாடுதல், வண்டி ஓட்டுதல், ஆடுதல், பிறரை நடத்துதல் போன்ற, திறமையையோ நடத்தையையோ அளக்கக்கூடிய வினைகளை அடுத்து வந்தால் 'படுமோசமாக' என்று பொருள். வலித்தல், ஏங்குதல், துன்புறுதல் போன்ற, உள்ளே உணரப்படும் வினைகளை அடுத்து வந்தால் அங்கே திறமைக்கு இடமில்லை. யாரும் மோசமாக ஏங்குவதில்லை. எனவே 'ஐ மிஸ் ஹெர் டெரிப்ளி' என்பது ஏக்கத்தின் ஆழத்தைச் சொல்கிறது. 'ஹி சஃபர்ட் டெரிப்ளி' என்பது துன்பத்தின் கடுமையைச் சொல்கிறது. இந்த இரண்டாம் வகையில் அளவும் கொடுமையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க முயல வேண்டாம். ஒருவர் இறந்த செய்தியில், மிகுந்த வருத்தம் என்று நினைத்துக்கொண்டு 'ஹி டைட் டெரிப்ளி' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கோரமாக இறந்தார் என்று ஆகிவிடும்.

இதுவரை சொன்னவற்றில் எனக்கு ஐயமில்லை. ஐயத்துக்கு இடமுள்ளது உங்கள் நான்காவது வரி. 'பேக்ட்' என்பது வினையிலிருந்து பிறந்த எச்சமாகவும் இருக்கலாம், தனிப் பெயரடையாகவும் இருக்கலாம். 'த ட்ரெய்ன் வாஸ் டெரிப்ளி பேக்ட்' என்றால் ரயிலில் நிற்க இடமில்லை, அவ்வளவு கூட்டம். அங்கே 'பேக்ட்' நிரம்பிய நிலையைக் குறிக்கும் பெயரடை, 'டெரிப்ளி' வெறும் பெருக்கி. ஆனால் ஒரு பெட்டியைப் பற்றிப் பேசும்போது அதை யாரோ கட்டியிருக்கிறார்கள் என்ற வினை முன்னால் வந்துவிடுகிறது, அப்போது 'மோசமாகக் கட்டப்பட்ட' என்றாகிறது. வாக்கியத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பெட்டிக்குள் துணியை அளவுக்கு மீறித் திணித்திருக்கிறீர்கள் என்றும் கொள்ளலாம், ஏனோதானோவென்று கட்டியிருக்கிறீர்கள் என்றும் கொள்ளலாம். அடுத்த வரியில் அவர் பாலிபேக்குகளில் பாதி கிழிந்திருந்தன என்று எழுதியிருப்பதாகக் கூறியிருக்கிறீர்கள். அது போதும். எப்படிப் பார்த்தாலும் பேக்கிங் சரியில்லை என்கிறார். காயம்பட்ட, எரிந்த, சேதமடைந்த என்பன போன்ற எச்சங்களுக்கு முன்னால் வரும்போதும், 'டெரிப்ளி டேமேஜ்ட்' என்பதில் வெறும் 'மிக' மட்டுமன்றிக் கொடுமையின் நிழலும் கூடவே இருக்கும்.

இனி உங்களைச் சிக்கவைத்த மூன்றாவது வரிக்கு வருவோம். ஆங்கிலேயர் குறை சொல்லும்போது நேராகச் சொல்லாமல், ஒரு நல்ல சொல்லை எடுத்து, அதைப் பெருக்கி, பிறகு அந்தப் பெருக்கத்தை மட்டும் மறுப்பார்கள். 'நீட்' நல்ல சொல். 'டெரிப்ளி நீட்' என்றால் மிக நேர்த்தி. 'இஸ்ன்ட் டெரிப்ளி நீட்' என்றால், கணக்குப்படி, மிக நேர்த்தி என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான். ஓரளவு நேர்த்தியாக இருக்கலாம் என்ற கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் வழக்கில் அந்தக் கதவு வழியாக யாரும் போவதில்லை. கேட்பவர், நேர்த்தி இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த உத்தி தமிழருக்குப் புதிதன்று. சம்பந்தி வீட்டு விருந்துக்குப் போய்விட்டு வந்தவரிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டால், 'அப்படியொன்றும் பிரமாதமில்லை' என்பார். கேட்பவருக்கு உப்பு முதல் பாயசம் வரை எல்லாம் விளங்கிவிடும். 'நாட் டெரிப்ளி' என்பதற்கு நேரான தமிழ் 'அவ்வளவாக இல்லை', 'அப்படியொன்றும் இல்லை' என்பனவே. இந்தத் தொடரில் 'பயங்கரம்' என்ற சொல்லை நினைத்தால்கூட வழி தவறிவிடும். நீங்கள் செய்தது அதுதான்.

இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. 'ளி' என்ற ஈறு இல்லாமல் 'இஸ்ன்ட் டெரிபிள்' என்று எழுதியிருந்தால் பொருள் கிட்டத்தட்ட எதிராகிவிடும்: மோசமில்லை, ஏற்றுக்கொள்ளலாம். 'இஸ்ன்ட் டெரிப்ளி குட்' என்றால் திருத்தி அனுப்பு. ஓர் ஈறு ஒரு சாம்பிளைத் தேறவும் வைக்கும், திரும்பவும் வைக்கும். பிரெஞ்சுக்காரர் இதில் ஒரு படி மேலே போய்விட்டார்கள். அவர்களுடைய பேச்சு வழக்கில் 'தெரிப்ல்' என்ற பெயரடையே 'அபாரம்' என்ற பொருளில் வழங்கும். அதனால் 'பா தெரிப்ல்' என்றால், சொல்லுக்குச் சொல் 'பயங்கரமில்லை' என்றிருந்தாலும், சுமார்தான், சரியில்லை என்றே பொருள். ஆங்கிலத்தில் 'டெரிபிள்' அந்த அளவுக்கு நல்ல பக்கம் சாயவில்லை. 'எ டெரிபிள் டின்னர்' மோசமான விருந்து, 'எ டெரிப்ளி குட் டின்னர்' அருமையான விருந்து. அளவைக் குறிப்பதாகப் பெயரடை வருவது, 'இன் எ டெரிபிள் ஹரி' என்பது போன்ற சில தொடர்களில்தான். தலைபோகிற அவசரம் என்று பொருள்.

இதன் உறவுச் சொற்களையும் உங்கள் பையர் ஒருநாள் எடுத்து வீசலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 'ஆஃபுலி' இதன் இரட்டைப் பிறவி. வியப்பும் பயமும் கலந்த பக்தியைக் குறிக்கும் 'ஆ' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. 'ஆஃபுலி நைஸ்' என்றால் மிகவும் நல்ல. அதே வேரிலிருந்து வந்த 'ஆஃபுல்' மோசத்தையும் 'ஆஸம்' பிரமாதத்தையும் குறிக்கப் பிரிந்துபோயின. 'ஆன் ஆஃபுல் லாட் ஆஃப் வொர்க்' என்று வந்தால் மோசமான வேலை என்று பதற வேண்டாம், ஏகப்பட்ட வேலை என்கிறார். 'ஹாரிப்ளி' இன்னும் வெளுக்கவில்லை. மயிர்க்கூச்செறிதல் என்று நாம் சொல்லும் அதே உடற்குறியைச் சுட்டும் லத்தீன் வினையிலிருந்து வந்த அது, 'ஹாரிப்ளி எக்ஸ்பென்சிவ்' என்பது போலக் கெட்டதையே பெரும்பாலும் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். 'ட்ரெட்ஃபுலி' சற்றுப் பழைய மணம் உடையது. 'ஃப்ரைட்ஃபுலி' மேட்டுக்குடி ஆங்கிலேயரின் பேச்சு என்று பெயரெடுத்துவிட்டதால், இன்று அதைக் கேலிக்காகவே பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். உங்கள் தொழிலில் அதிகம் கவனிக்க வேண்டியது 'பேட்லி'. 'வீ பேட்லி நீட் த ஷிப்மென்ட்' என்றால் சரக்கு அவசரமாகத் தேவை. அதில் யார்மேலும் குறை இல்லை. 'டெரிஃபிக்' என்ற சொல்லுக்கும் 'டெரிபிள்' வேரே என்றாலும், இன்று அது முழுக்க முழுக்கப் பாராட்டு. சாம்பிளைப் பார்த்து அப்படி எழுதினால் தாராளமாகத் 'தேங்க் யூ' சொல்லலாம்.

இப்படிச் சொற்கள் வெளுப்பதைப் பார்த்து எரிச்சல்படுவோர் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். செஸ்டர்ஃபீல்டு பிரபு 1754-இல் 'த வேர்ல்டு' என்ற இதழில் எழுதிய கட்டுரையில், அக்கால நாகரிகப் பெண்கள் எதற்கெடுத்தாலும் 'வாஸ்ட்லி' என்று சொல்வதைக் கேலி செய்தார். பரந்து விரிந்த என்று பொருள்படும் அந்தச் சொல்லை வைத்து, ஒரு சின்னஞ்சிறு தங்க மூக்குப்பொடி டப்பியை, அது 'வாஸ்ட்லி' சிறியதாக இருப்பதால் 'வாஸ்ட்லி' அழகு என்று ஒரு சீமாட்டி சொன்னதாக எழுதினார். 'டெரிப்ளி கைண்ட்' என்பதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. மறுபக்கம், லண்டன் செயின்ட் பால் பேராலயத்தைக் கட்டி முடித்த கிறிஸ்டோபர் ரென்னிடம், அது 'ஆஃபுல்', 'ஆர்ட்டிஃபிஷியல்', 'அம்யூசிங்' என்று மன்னர் பாராட்டியதாக ஒரு கதை ஆங்கிலப் பாடங்களில் உலவுகிறது. அந்தச் சொற்களுக்குப் பழைய காலத்தில் நல்ல பொருள் இருந்தது உண்மை. ஆனால் கதையை நம்ப வேண்டாம். ஒருவர் சார்லஸ் என்கிறார், ஒருவர் ஜேம்ஸ் என்கிறார், வேறொருவர் ஆன் அரசி என்கிறார். சொல்பவருக்கு ஏற்ப மன்னர் மாறிக்கொண்டிருக்கும் கதைக்கு நான் சான்று என்ற மதிப்புத் தருவதில்லை.

நம் மொழியும் இதே காரியத்தைச் செய்திருக்கிறது என்பதை அறிந்தால், ஆங்கிலத்தின் மேல் உங்களுக்கு உள்ள கோபம் தணியும். பேய்மழை, பேய்க்காற்று, அசுர வளர்ச்சி, கொள்ளை அழகு, அநியாயத்துக்கு நல்லவர் என்றெல்லாம் நாள்தோறும் சொல்கிறோம். பேய்மழையில் பேய் இல்லை, அளவு மட்டுமே இருக்கிறது. 'படு' என்ற முன்னொட்டு படுதோல்வியில் கெட்டதைப் பெருக்குகிறது, படுசுட்டியில் நல்லதைப் பெருக்குகிறது. இன்னும் பின்னால் போனால், தொல்காப்பிய உரியியலில் 'கடி' என்ற உரிச்சொல்லுக்குச் சொல்லப்பட்ட பத்துப் பொருள்களில் மிகுதியும் உண்டு, அச்சமும் உண்டு. என் பதிப்பாசிரியர் ஓரத்தில் எழுதிய 'கடிக்குமா' என்ற கேள்வியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அச்சத்தையும் மிகுதியையும் ஒரே சொல்லில் வைத்திருந்த ஒரு சொல்லின் ஒலியை அவர் தற்செயலாகத் தொட்டுவிட்டார். ஆங்கில 'வெரி' கூட ஒருகாலத்தில் வெளுத்த சொல்தான். 'உண்மையான' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல் அது. யாழ்ப்பாணத்தில் 'சரியான குளிர்' என்றால் கடுங்குளிர்; அதே வழியில் நடந்த அதே மாற்றம்.

தமிழில் எப்படி எழுதுவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் தொழில் பழக்கம் விடவில்லை. பெயரடைக்கு முன் வரும் 'டெரிப்ளி'க்கு 'மிகவும்', 'நிரம்ப', 'கொள்ளை', 'படு' என்று இடத்துக்குத் தக்கது எதையும் போடலாம். வினையோடு வரும்போது அடையைத் தேடாமல் வினையையே மாற்றுவதுதான் தமிழுக்கு இயல்பு. 'மிஸ் டெரிப்ளி' என்பதற்குத் 'தவித்துப்போகிறேன்' போதும். 'சஃபர்ட் டெரிப்ளி' என்பதற்குப் 'படாத பாடு பட்டார்' போதும். மேலே சொன்ன ஏசாயா வரியையே பாருங்கள். எபிரெய மூலத்தில் இருப்பது நடுங்கவைத்தல் என்ற ஒரே வினை. ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் அதை 'ஷேக்' என்றும் 'டெரிப்ளி' என்றும் இரண்டாக உடைத்தார்கள். தமிழ் விவிலியத்தில் 'பூமியைத் தத்தளிக்கப்பண்ண' என்று வருகிறது. அடை வேண்டியிருக்கவில்லை, தத்தளிப்பிலேயே எல்லாம் அடங்கிவிட்டது.

நீங்களும் இந்தச் சொல்லைப் பயன்படுத்தலாமா என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இலக்கணம் தடுக்காது, 'டெரிப்ளி பெட்டர்' என்பது போல ஒப்பீட்டுச் சொல்லோடும், 'டெரிப்ளி பெர்ஃபெக்ட்' என்பது போல ஏற்கெனவே எல்லையில் நிற்கும் சொல்லோடும் சேர்க்காமல் இருந்தால் சரி. ஆனால் என் கருத்து, இப்போதைக்கு வேண்டாம் என்பதே. இது பொருளைவிடத் தொனியை நம்பி வாழும் சொல். வணிக மடலில் 'வெரி' அல்லது 'ரியலி' உங்களைக் காட்டிக்கொடுக்காது. தவறு நம்முடையதாக இருந்து மன்னிப்புக் கேட்கும்போது 'டெரிப்ளி சாரி' என்று எழுதுவது மட்டும் இயல்பாகவே பொருந்தும். அதை எழுதிப் பழகிக்கொள்ளலாம்.

என் அறிவுக்கு ஓர் எல்லை உண்டு. நான் எழுத்து ஆங்கிலத்தோடு உட்கார்ந்து காலம் கழித்தவன். நேர்ப்பேச்சில் 'டெரிப்ளி கிளெவர்' என்று ஒருவர் சொல்லும்போது, குரலை எங்கே ஏற்றினார், முகத்தை எப்படி வைத்துக்கொண்டார் என்பதைப் பொறுத்து அது பாராட்டாகவும் இருக்கலாம், குத்தலாகவும் இருக்கலாம். மின்னஞ்சலில் குரல் இல்லை. ஆகவே உங்கள் பையர் முதல் வரியில் கிண்டல் செய்கிறாரா என்று நீங்கள் எழுப்பிய சந்தேகத்துக்கு நான் அடித்துப் பதில் சொல்ல முடியாது. ஆனால் சாம்பிள் உண்மையாகவே முன்னதாகப் போயிருக்கிறது, அவர் அதைக் குறிப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அங்கே கிண்டலைத் தேட எனக்குக் காரணம் தெரியவில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். காலரைப் பற்றிய மடலுக்கு இன்றே இன்னொரு பதில் போடுங்கள். 'சாரி, ஐ மிஸ்ரெட் யுவர் நோட் ஆன் த காலர்' என்று தொடங்கி, தையல் பிரிவில் சொல்லிவிட்டீர்கள், திருத்திய சாம்பிள் எந்தத் தேதியில் கிளம்பும் என்பதை மட்டும் எழுதுங்கள். அகராதியில் பார்த்த கதையெல்லாம் வேண்டாம். எங்கே தையல் சரியில்லை என்பதைக் காட்ட ஒரு புகைப்படம் கேளுங்கள். 'நாட் டெரிப்ளி நீட்' என்று எழுதியவர் எந்த முனை, எத்தனை மில்லிமீட்டர் என்பதைத் தாமாகச் சொல்ல மாட்டார், கேட்டால் சொல்வார். கார்ட்டன் விஷயத்தில் எந்த இரண்டு கார்ட்டன் என்று எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, திணிப்பு அதிகமா, கட்டியது சரியில்லையா என்பதை உங்கள் பேக்கிங் பிரிவிலேயே பார்த்துவிடுங்கள்; அந்த வரியிலிருந்து மட்டும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.